பறிக்கக் கூடாத பூ

பூவைப் பார்க்கிறதுக்கு டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கிற சனங்களை சௌந்தரம் இப்போதுதான் பார்க்கிறாள். வாங்க இல்லை, சூட இல்லை, சாமிக்குச் சாத்த இல்லை, சும்மா பார்க்க. நிலக்கோட்டைப் பூ மண்டிக்காரர் குருநாதனின் சம்சாரத்துக்கு இது வேடிக்கையாக இருக்காதா பின்னே? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, விடியுமுன்னே மூட்டை மூட்டையாய் மல்லிகை வந்து இறங்கி, மத்தியானத்துக்குள் ஒரு மொட்டு மிச்சமில்லாமல் ஊர் ஊராய்ப் போய்ச் சேருவதைப் பார்த்த கண். அவளுக்குப் பூ என்றால் அவசரம். நின்று பார்த்தால் வாடும், வாடினால் குப்பை. இங்கே என்னடாவென்றால் கிழவனும் கிழவியும் மரத்துக்கு மரம் நின்று, அண்ணாந்து பார்த்து, 'ஹா' என்று ஒரு சத்தம் விட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறார்கள். கோயில் பிராகாரத்தில் சாமி சாமியாய் நின்று கும்பிட்டுப் போகிற மாதிரி. மாசி மாசம். ஊரில் இந்நேரம் வெயில் சுள்ளென்று ஏறியிருக்கும். இங்கே மூக்கு நுனி இருக்கிறதா போய்விட்டதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர், காலில் சாக்ஸு, ஷூ. ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் ஏழு நாளைக்குச் சிரிப்பார்கள். மரத்தில் இலை என்று ஒன்றுகூடக் கிடையாது. கருத்து முறுக்கின கொம்புகளில் நேரே பூ. பாதி வெள்ளை, பாதி ரோஸ். "பிளம் பூம்மா. இங்க உமேன்னு சொல்வாங்க. குளிர் போறதுக்கு முன்னாடியே இதுதான் மொதல்ல பூக்கும்" என்றாள் மகள் சுபாஷினி. குளிர் போவதற்கு முன்னால் பூக்க அப்படி என்ன அவசரம் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். மூக்கு அடைத்துக் கிடந்தது. ஒரு வாசமும் வரவில்லை. சரிதான், கடுதாசிப் பூ மாதிரி கண்ணுக்கு மட்டும் போல என்று முடிவு கட்டினாள். அவள் முடிவு கட்ட வேண்டிய விஷயம் வேறே இருந்தது.

விமானம் ஏறுகிறதுக்கு முன்னால் மதுரை ஏர்போர்ட்டு வாசலில் குருநாதன் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "போயிப் பாரு. அந்தப் பையனையும் பாரு, அவுக அம்மாவையும் பாரு. நல்லவுகளாத்தான் இருப்பாக, நான் இல்லேங்கல. பாத்துட்டு, மனசு நோகாம வேண்டாம்னு சொல்லிட்டு, பிள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துரு. நீ சொன்னா கேப்பா." அவரே வந்திருக்கலாம். மாசி முகூர்த்தத்தில் மண்டியைப் போட்டுவிட்டு வர முடியாது என்றார். அது நிசம்தான். சங்கடமான சோலி எது வந்தாலும் அவருக்கு ஒரு முகூர்த்தம் குறுக்கே வந்துவிடும் என்பதும் நிசம்தான். சுபா இந்தத் தேசத்தில் கம்பெனி வேலைக்கு வந்து வருசம் ஆறாகிறது. அதே கம்பெனியில்தான் நவோகியும். இரண்டு பேரும் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சௌந்தரம் வந்து இறங்கின அன்றைக்கே, வெங்காயம் அரிந்துகொண்டே சொல்லிவிட்டாள் சுபா. "நீங்களும் அப்பாவும் வேண்டாம்னா வேண்டாம்தாம்மா. உங்களை மீறி ஓடிப்போயெல்லாம் கட்ட மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் எனக்குக் காட்டாதீங்க." வெங்காயத்துக்குத்தான் கண் கலங்குகிறது என்று இரண்டு பேரும் பாவனை பண்ணிக்கொண்டார்கள். ஆக, பிள்ளையின் வாழ்வு மொத்தமும் இந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. வேண்டாம். சௌந்தரம் தன் ஆயுசில் அந்த வார்த்தையைச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகும் சோறு விழும். மற்றபடி எல்லாவற்றுக்கும் 'உங்க இஷ்டம்'தான். அப்படிப்பட்டவளிடம் போய் இந்த வார்த்தையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், கடல் தாண்டி. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். இது நவோகியின் அம்மா இருக்கிற ஊர். தோட்டத்தில் பூத்திருக்கிறது, வாருங்கள், பார்த்துக்கொண்டே பேசலாம் என்று கூப்பிட்டது அந்தம்மாதான். பேசலாம் என்றால் எதைப் பேசலாம் என்று நாலு பேருக்கும் தெரியும். மண்டியில கொஞ்சம் கை ஓஞ்சதும் போன் பண்ணுவேன், அதுக்குள்ள முடிச்சு வை என்று காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. போன் கோட்டுப் பையில் கல் மாதிரிக் கிடந்தது.

அந்தம்மாவின் பெயர் ஃபுமிகோ. சௌந்தரத்தின் தோளுக்குத்தான் இருக்கும். வெள்ளை முடியைச் சின்னதாக வெட்டிவிட்டு, சாம்பல் நிறக் கோட்டும் கையுறையும் போட்டு, முன்னால் நடக்கிறது. நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பி, சௌந்தரம் வருகிறாளா என்று பார்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறது. பதிலுக்கு சௌந்தரம் கும்பிடுகிறாள். அது மறுபடி குனிகிறது. இதென்னடா வம்பாப் போச்சு, யார் முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லையே. நவோகி ஒல்லிப் பையன், கண்ணாடி போட்டவன். "அம்மா, பாத்து வாங்க, கல்லு" என்று தமிழில் சொன்னான். சுபா பழக்கியிருக்கிறாள். பாத்து வாங்க என்பதைக் கடையில் பார்த்து வாங்குகிற மாதிரி அழுத்திச் சொல்கிறான், பாவம். நல்ல பையன்தான். நல்ல பையனாக இருப்பதுதான் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் வார்த்தை தானாக வந்துவிடும். வழியில் ஒரு கொம்பு தாழ்ந்து மூஞ்சிக்கு நேரே வந்தது. அதில் திறக்காத மொட்டுகள், உருண்டு திரண்டு, பாசிமணி மாதிரி. சௌந்தரத்தின் கை அவளைக் கேட்காமல் போய்விட்டது. மண்டிக்காரி கை. மொட்டில்தான் கிள்ளணும், விரிஞ்சால் விலை இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடித்தாயிற்று. "அம்மா!" என்று சுபா போட்ட சத்தத்தில் பச்சைச் சட்டை போட்ட காவல் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். சௌந்தரம் கையைச் சடக்கென்று கோட்டுக்குள் விட்டுக்கொண்டாள். பெரியவர் திட்டவில்லை; அவரும் ஒரு தடவை குனிந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. "பறிக்கக் கூடாதும்மா. இங்க யாரும் பறிக்க மாட்டாங்க." "பறிக்காட்டி என்னாகும்?" "தானா உதிரும்." "உதுந்து?" "உதுந்து காய் காய்க்கும்." காய்க்குமா! அடியாத்தி, பூ காய்க்கும் என்பதே மறந்துபோயிற்றே. மல்லிகை காய்த்து யார் பார்த்தார்கள்? அவள் பார்த்த பூவெல்லாம் அன்றைக்கு முளைத்து அன்றைக்கே மாண்டவை. கிள்ளு, கட்டு, தலையில் வை, தூக்கிப் போடு. தலையில் வை என்றதும் அந்தக் கை நினைப்பில் வந்துவிட்டது. ஈரக் கை. பின்னாலிருந்து வந்த கை. பத்தொம்பது வயசு அவளுக்கு. வத்தலக்குண்டில் டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிக்கொண்டு உள்ளே போனவளை அம்மா இழுத்துக்கொண்டு போய் மூஞ்சியைக் கழுவிவிட்டு, சேலையை மாற்றி, பாயில் உட்கார வைத்தாள். எதிரே பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். பேசச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள் என்று பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு ஈரக் கை வந்து சடையைத் தூக்கி ஒரு பந்து மல்லிகையைச் சொருகி, பக்கத்து முடியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவியது. குலவை போட்டார்கள். பூ வச்சாச்சு என்றார்கள். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா பொண்ணு தலையில் பூ வைத்துவிட்டால் அவர்கள் ஊர்ப் பக்கத்தில் பேச்சு முடிந்தது. அந்தப் பொண்ணு அந்த வீட்டுப் பொண்ணு. அதற்குப் பிறகு பத்திரிகை, பந்தல், தாலி எல்லாம் ஊருக்குச் சோறு போட. பின்னால் இருந்தவளின் முகத்தை அவள் பார்த்ததே கல்யாணத்தன்றுதான். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருந்தாள், எழுதவில்லை. இது ஒன்றும் பெரிய சோகம் இல்லை. குருநாதன் கை நீட்டினதில்லை, குடித்ததில்லை, பசியோடு படுக்க விட்டதில்லை. வாழ்க்கை கெட்டா போச்சு? கெடவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அது வேறே விஷயம்.

ஒரு பச்சைக் குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டது, கொம்பில் தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தது. அது மட்டும் யாரையும் கேட்கவில்லை. மரத்தடி பெஞ்சில் ஃபுமிகோ துணி மூட்டையை அவிழ்த்தது. சோற்று உருண்டைகள், ஒவ்வொன்றும் கறுப்புத் தாள் மாதிரி ஏதோ சுற்றி. கடல்பாசி என்றாள் சுபா. பழைய சோற்றை உருட்டிக் கையில் தருவது ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். இந்தத் தேசத்தில் பெரியவர்களும் அதையே சாப்பிடுகிறார்கள் போல. சௌந்தரம் ஒரு கடி கடித்தாள். ஒன்றுமில்லை, வெறும் சோறு. இரண்டாவது கடியில் பல் எதிலோ பட்டது, அவ்வளவுதான், புளிப்பும் உப்பும் நாக்கைப் பிடித்து இழுத்துக் காது மடல் வரைக்கும் ஏறியது. கண் தானாக மூடிக்கொண்டது. மூன்று பேரும் அவள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆத்தாடி ஆத்தா, நம்ம உப்பு நார்த்தங்காயில்ல இது!" என்றாள். சுபா சொல்ல, நவோகி சொல்ல, ஃபுமிகோ வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தது. இந்த மரத்துக் காய்தானாம். மழைக்காலத்தில் பறித்து உப்பில் ஊறப்போட்டு, வெயில் வந்ததும் காய வைப்பதாம். "எங்க காயப் போடுவாக, மொட்டமாடியிலயா?" வீட்டு முற்றத்தில், மூங்கில் தட்டில். "காக்கா வராது?" இதைக் கேட்டதும் ஃபுமிகோ படபடவென்று என்னென்னவோ சொன்னது, கையை ஆட்டி ஆட்டி. யாரும் தமிழில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, காக்கா பாஷைக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு? பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த அம்மா அது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து கனகாலம் ஆகிறதாம். சௌந்தரம் மிச்ச உருண்டையையும் தின்றாள். இதுதான் சமயம், சொல்லிவிடு, சொல்லிவிட்டால் மிச்ச நேரம் நிம்மதியாகப் பூப் பார்க்கலாம் என்று மனசு உந்தியது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் சோறு இருந்தது. சோற்றை விழுங்கினாள், வார்த்தையும் சேர்ந்து உள்ளே போயிற்று. அந்த நேரம் பார்த்து ஃபுமிகோ கையுறையைக் கழற்றிவிட்டு, நேரே சௌந்தரத்தைப் பார்த்து ஏதோ கேட்டது. நவோகி தயங்கினான். "என்னடி கேக்குறாக?" "இல்லம்மா... பொண்ண இவ்வளவு தூரத்துல விட்டுட்டு நீங்க எப்படித் தூங்குறீங்கன்னு கேக்குறாங்க." ஆறு வருசத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எவ்வளவு சம்பளம் என்று கேட்டிருக்கிறார்கள், எப்போ கல்யாணம் என்று கேட்டிருக்கிறார்கள், அங்கே சோறு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்கள். "தூங்கறதில்லன்னு சொல்லு" என்றாள். சுபா அதை அப்படியே சொன்னாள். ஃபுமிகோ தலையை மெள்ள ஆட்டியது. இன்னொரு உருண்டையை எடுத்து சௌந்தரத்தின் கையில் வைத்தது. வேண்டாம் என்று இவள் சொல்லவில்லை.

எழுந்து நடந்தார்கள். மலைச்சரிவில் பாதை சுற்றிச் சுற்றி இறங்குகிறது. நினைப்பும் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது. பயம் இல்லையா என்றால் இருக்கிறது, கொள்ளை கொள்ளையாய் இருக்கிறது. பிரசவத்துக்கு யார் பார்ப்பது? பிறக்கிற பிள்ளை தன்னை என்ன சொல்லிக் கூப்பிடும், கூப்பிட்டால் தனக்குப் புரியுமா? நாளைக்கு மூச்சு நின்றுபோனால், பிள்ளை வந்து சேருகிறவரைக்கும் ஐஸ் பெட்டியில் கிடக்க வேண்டியதுதான். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, மக இன்னும் வரலையா, மக இன்னும் வரலையா என்று. சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மட்டும்? பிள்ளை கூட வந்துவிடும். வந்து? மண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பூக் கட்டும். கோமதி மாதிரி. இந்தப் பேர் வரக் கூடாது என்று எவ்வளவு தள்ளி வைத்தாலும் கடைசியில் வந்து நிற்கிறது. கோமதி குருநாதனின் தங்கை, சௌந்தரத்துக்கு நாத்தனார். அவளுக்கும் பூ வைத்தார்கள், தேனிப் பக்கத்து இடம். வைத்துவிட்டுப் போன பிறகுதான் மாப்பிள்ளையின் குடி தெரிய வந்தது. கோமதி அடுப்படியில் அண்ணியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் சௌந்தரம் முதல் முதலாகப் புருசனிடம் வாயைத் திறந்தாள், நிறுத்திரலாமேங்க என்று. குருநாதன் என்ன சொன்னார்? "பூ விக்கிற வீட்டுல பூவுக்கு மரியாதை இல்லேன்னா ஊரு காறித் துப்பும். பூ வச்சா வச்சதுதான். இதுல பேச்சே கிடையாது." பேச்சே இல்லாமல் போயிற்று. கோமதி போனாள், வந்தாள், மறுபடி போனாள், கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடு வந்துவிட்டாள். இப்போதும் மண்டியில் உட்கார்ந்து சரம் கட்டுகிறாள், விரல் பறக்கும், அவள் கட்டினால் ஒரு முழத்தில் நார் வெளியே தெரியாது. அண்ணனோடு தேவைக்கு மட்டும் பேசுவாள். அவரும் அவள் இருக்கிற திசையைப் பார்த்து உட்காருவதில்லை, கல்லாவைக்கூடத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பிடித்த பிடியை விடத் தெரியாது, அவ்வளவுதான். தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று இவளும் விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது என்று இப்போது, வேறே தேசத்தில், காலில் ஷூ கடிக்கும்போது தோன்றி என்ன பிரயோசனம்?

பாதை முடிகிற இடத்தில் ஒரு கூடாரம். நீலச் சட்டை போட்ட தாத்தாக்கள் இரண்டு பேர், வெட்டின கொம்புகளை ஒரு சாண் குச்சி குச்சியாய் நறுக்கி, வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூவும் மொட்டுமாய் இருந்தது. பறிக்கக் கூடாது என்றாயே என்று சௌந்தரம் பார்த்த பார்வையில் சுபா சிரித்துவிட்டாள். நவோகி விளக்கினான், சுபா தமிழில் சொன்னாள்: செர்ரி மரத்தை வெட்டுகிறவன் முட்டாள், பிளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்று இங்கே ஒரு பழமொழியாம். இந்த மரத்தைத் தோட்டக்காரர்கள் கழித்துவிட வேண்டுமாம், அப்போதுதான் நன்றாகக் காய்க்குமாம். கழித்ததைச் சும்மா எறிவானேன் என்று கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே அரிசியில் காய்ச்சின இனிப்புக் கஞ்சி, ஆவி பறக்க. சுபா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டாள், தட்டில் நாலு கிண்ணம், தளும்பத் தளும்ப. நவோகி காசு கொடுக்க நின்றான். ஃபுமிகோ வலது கையில் துணி மூட்டை, இடது கையில் தாத்தா கொடுத்த குச்சி. பையில் வைத்தால் நசுங்கும், தட்டில் வைத்தால் கஞ்சியில் விழும். அந்தம்மா இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு மூட்டையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எக்கி, சுபாவின் கொண்டையில் அந்தக் குச்சியைச் சொருகியது. ஒரு அடி பின்னால் நின்று பார்த்தது. கோணலாக இருந்தது போல. மறுபடி எக்கி, நிமிர்த்தி வைத்து, பக்கத்து முடியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவியது.

சௌந்தரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தத் தடவல் இருக்கிறதே, அதே தடவல். சுபா தலையைக் குனிந்து தட்டையே பார்த்தாள். அந்த வீட்டில் பிறந்தவள். கோமதி அத்தை மடியில் வளர்ந்தவள். பூ வைப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? "அம்மா" என்றாள், நிமிராமல். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கையில எடமில்லாம வச்சாங்க. நான் எடுத்துடறேன், இந்தத் தட்டை மட்டும் பிடிங்க." மூஞ்சி வெளுத்துப் போயிருந்தது. ஃபுமிகோ இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. என்னமோ பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று மட்டும் அதற்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே, பூவை எடுக்கக் கையை நீட்டியது. சௌந்தரம் எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்த கை, எலும்பும் தோலுமாய், உப்பு போட்டுப் போட்டுச் சொரசொரத்த கை. இந்தத் தடவை முகத்தையும் பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "எடுக்க வேண்டாம்."

சொல்ல வந்த வார்த்தை ஒருவழியாகச் சொல்லியாகிவிட்டது. சுபா தட்டைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள். காசு கொடுத்துவிட்டு வந்த நவோகி ஒன்றும் புரியாமல், "அம்மா, என்ன ஆச்சு? கஞ்சி நல்லா இல்லையா?" என்றான். இந்தக் குழப்பத்தில்தான் கோட்டுப் பையில் போன் அடித்தது. சௌந்தரம் ஒரு கையில் ஃபுமிகோவின் மணிக்கட்டை விடாமல், இன்னொரு கையால் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மண்டி இரைச்சல், மூட்டை தள்ளுகிற சத்தம், யாரோ சாக்கு கேட்டுக் கத்துகிறான்.

"என்ன, பேசிட்டியா?" என்றார் குருநாதன்.

"பேசல. பேசறதுக்குள்ள பூ வச்சுட்டாக."

"யாரு?"

"பையனோட அம்மா. சுபா தலையில."

"அவுகளுக்கு நம்ம பழக்கம் எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரியாமத்தான் வச்சாக."

"என்னத்தப் பேசுற நீ? தெரியாம வச்சதெல்லாம் ஒரு கணக்கா?"

"எனக்கு வச்சப்ப எனக்கு என்ன தெரியும்?" குரல் உயரவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏதோ ரசம் கொதித்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "கோமதிக்கு வச்சப்ப அவளுக்கு என்ன தெரியும்? அதெல்லாம் கணக்குல சேந்துச்சுல்ல. பூ வச்சா வச்சதுதான்னு நீங்கதான சொன்னீக."

இரைச்சலுக்கு நடுவில் கோமதியின் குரல் கிட்டத்தில் கேட்டது. "அண்ணி என்ன சொல்றாக?" நாற்காலி இழுபட்டுத் திரும்புகிற சத்தம் வந்தது. வைத்துவிட்டாரோ என்று சௌந்தரம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தாள்.

"என்ன பூ?" என்றார்.

"இந்த ஊருப் பூ. வெள்ளை. அஞ்சு இதழு."

"வாசம் உண்டா?"

அதைத்தான் காலையிலிருந்து அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள், இல்லையென்று. ஆனாலும் மண்டிக்காரர் கேட்கிறார், பார்க்காமல் சொல்லக் கூடாது. சுபாவைக் கிட்டே வரச் சொன்னாள். தட்டில் இருந்த கஞ்சியின் ஆவி இரண்டு பேர் மூஞ்சியிலும் அடித்தது. மகளின் கொண்டையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள்.

"உண்டு" என்றாள்.